கிளிப் பெடலோடு விழுந்து ஏசிஎல் கிழிந்தது: அறுவை முடிந்து பத்து வாரம், சைக்கிளை எப்போது சாலைக்கு எடுக்கலாம்?

மஞ்சக்குப்பத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன்; வயது 43. ஏழு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியுமுன் கிளம்பி, கன்னிகோயில், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடும் பழக்கம் உள்ளவன். சென்ற ஆண்டு பிரெவே என்னும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் ஒன்றை அதற்குரிய 13 மணி 30 நிமிடக் கெடுவுக்குள் முடித்த தைரியத்தில், 300 கிலோமீட்டருக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை விபத்து என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில், நடையைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் வந்து நிற்கப் போனபோது, தாரின் ஓரத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்திருந்த மணலில் இடது காலை ஊன்றினேன். காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் என்பதால், வலது கால் அதில் பூட்டியபடியே இருந்தது. சைக்கிள் இடப்பக்கம் சாய, ஊன்றிய பாதம் அசையாமல் நிற்க, அதன் மேல் உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று எழுந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு மணி நேரத்தில் முழங்கால் வீங்கி, சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநாரான ஏசிஎல் முழுதாகக் கிழிந்திருப்பதும், உட்பக்கத் தசைநாரான எம்சிஎல் இரண்டாம் நிலை அளவுக்குச் சேதமடைந்திருப்பதும் தெரிந்தது, முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் தப்பித்துக்கொண்டது. எம்சிஎல் தானாக ஆறிவிடும் என்று சொல்லி, கீல் வைத்த பிரேஸ் அணியச் செய்து, ஐந்து வாரம் கழித்து, வீக்கம் வடிந்த பிறகு, தொடையின் பின்தசை நாணிலிருந்து ஒட்டு எடுத்து ஏசிஎல்லைப் புதிதாக அமைத்தார்கள். அறுவை முடிந்து இப்போது பத்து வாரம் ஆகிறது.

கைத்தடி இல்லாமல் நடக்கிறேன், வலி ஏறக்குறைய இல்லை, முழங்கால் 125 பாகை வரை மடங்குகிறது, உடற்பயிற்சி சைக்கிளில் தினமும் இருபது நிமிடம் மிதிக்கிறேன். ‘மூன்று மாதம் கழித்து சைக்கிள் ஓட்டலாம்’ என்று அறுவை செய்த மருத்துவர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே முப்பது பேர் காத்திருந்த நிலையில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மூன்று மாதம் என்பது சாலையைக் குறிக்கிறதா, வீட்டுக்குள் மிதிப்பதைக் குறிக்கிறதா? சீட்டையும் பெடலையும் மாற்ற வேண்டுமா? கிளிப் பெடலுக்கு இனித் திரும்பவே முடியாதா? உறவினர் ஒருவர், எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் ஜவ்வு சீக்கிரம் கூடிவிடும் என்று தினமும் வற்புறுத்துகிறார். அதற்கும் யாராவது பதில் சொன்னால் வீட்டில் அமைதி நிலவும்.


பாகூர் ஏரிக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் விழுந்த விதத்தைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. எனக்கும் இடது கால், எனக்கும் ஏசிஎல், ஆனால் நான் அறுவை செய்துகொள்ளவில்லை. ஏசிஎல் இல்லாமலேயே சைக்கிள் ஓட்டலாம் என்பது உண்மைதான்; நேர்க்கோட்டில் மேலும் கீழும் போகும் மிதிப்புக்கு அந்தத் தசைநாரின் உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. மூன்று மாதம் தொடைக்குப் பயிற்சி செய்துவிட்டு, நான்காம் மாதம் பாகூரிலிருந்து கடலூர் வரை ஓட்டினேன். ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காக மீதியையும் எழுதுகிறேன். சைக்கிளில் ஒரு நாளும் விலகாத முழங்கால், அடுத்த ஆண்டு பேருந்திலிருந்து இறங்கி, சாக்கடையைத் தாண்டுவதற்காக உடம்பைத் திருப்பிய நொடியில் ‘நழுவி’விட்டது. அதன்பின் இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டாம் முறை மெனிஸ்கஸும் கிழிந்தது. இப்போது அதற்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் ஓட்ட முடிகிறது என்பதை வைத்து முழங்கால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டியதுதான் நான் செய்த தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் லிகமென்ட் எனும் தசைநாரையும் ஜவ்வு என்கிறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். ‘எனக்கும் ஜவ்வுதான், ஆறு வாரத்தில் ஓட்டிவிட்டேன்’ என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு, தைத்தார்களா அல்லது ஓரத்தைச் சீவி எடுத்தார்களா என்று கேட்காமல் அவருடைய கணக்கை உங்கள் காலுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.


முருங்கப்பாக்கம் பிசியோ எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இயன்முறை மருத்துவர், சைக்கிளும் ஓட்டுகிறவள். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதால், இதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் தொகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல.

முதலில் ‘பத்து வாரம்’, ‘வலி இல்லை’ என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்குள் வைக்கப்பட்டது, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு நாண். அது எலும்பை எலும்போடு இணைக்கும் தசைநாராக மாற வேண்டும். அதற்கு முன், இரத்த ஓட்டத்திலிருந்து பிரிந்து வந்த அந்த நாணின் பழைய உயிரணுக்கள் அழிந்து, புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, இழைகள் மறுபடி அடுக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் முழுமை பெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். நடுவில், ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில், ஒட்டு தான் வைக்கப்பட்ட நாளில் இருந்ததைவிட வலுக் குறைந்த நிலையில் இருக்கும். வீக்கம் வடிந்து, வலி போய், கைத்தடியை எறிந்துவிட்டு, மனிதர் உற்சாகமாக எழுந்து நடமாடத் தொடங்குவதும் சரியாக இதே வாரங்களில்தான். வலி இல்லை என்பதை வைத்து உள்ளே இருக்கும் ஒட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் இருபது நிமிட மிதிப்பு ஆபத்தா என்றால், இல்லை. சீட்டில் உட்கார்ந்து, எடையில்லாத கியரில் மிதிக்கும்போது ஏசிஎல் மேல் விழும் இழுவிசை மிகக் குறைவு. ஆகவேதான் மடக்கு 110 பாகை அளவுக்கு வந்து ஒரு முழுச் சுற்று சிரமமின்றிச் சுழல ஆரம்பித்ததும் நாங்களே சைக்கிளைக் கொடுக்கிறோம். சைக்கிள்காரருக்கு ஆபத்து மிதிப்பதில் இல்லை. ஏறுவதிலும், இறங்குவதிலும், நிற்பதிலும் இருக்கிறது. உங்களுக்குக் கிழிந்ததும் மிதிக்கும்போது அல்லவே!

இதை நம் சாலையோடு பொருத்திப் பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நிற்கும்போது இடது கால் ஊன்றுமிடம் தாரின் விளிம்பு. அங்கேதான் தார் கீழிறங்கி, மணலும் சரளையும் சேர்ந்து கிடக்கிறது. உங்கள் புண்பட்ட காலும் இடது கால். வலது காலை ஊன்றப் பழகுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் வலப்பக்கம் சாய்வது என்றால் பின்னால் வரும் பேருந்தின் பக்கம் சாய்வது. எனவே சாலையின் மேல் ஒருபோதும் நிற்காமல், சாலையை விட்டு முழுதாக விலகி, சமதரையில் போய், பிறகு வலது காலை ஊன்ற வேண்டும். இந்தப் புதிய பழக்கம் யோசிக்காமலே வரும்வரை, அதாவது ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தாலும் வலது கால் தானாக இறங்கும்வரை, நீங்கள் சாலைக்குத் தயாரில்லை என்பேன்.

ஏறுவதும் அப்படியே. நாம் சிறுவயதில் குரங்கு பெடலை விட்டுச் சீட்டில் ஏறப் பழகிய நாள் முதல், இடது பாதத்தை வைத்து, வலது காலைப் பின்னால் சுழற்றி வீசித்தான் ஏறுகிறோம். வலது கால் சுழலும்போது உடம்பின் எடை முழுவதும் இடது முழங்காலின் மேல் நின்று திரும்புகிறது. ஏசிஎல் தாங்கிக்கொள்ள விரும்பாத அசைவு அதுவே. சைக்கிளைத் தரையோடு சாய்த்து, குறுக்குக் கம்பியைத் தாண்டி நின்றபின் நிமிர்த்திக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, வீட்டில் லேடீஸ் சைக்கிள் இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு அதை எடுத்துக்கொள்வது. கௌரவம் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது.

அடுத்து, சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாரும் ‘எவ்வளவு மடங்குகிறது’ என்று கணக்குப் பார்க்கிறார்கள். நீங்களும் 125 என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நீள்கிறது என்று எழுதவில்லை. பெடல் அடியில் இருக்கும்போதும் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியே இருக்கும் என்பதால், சைக்கிளை எத்தனை மணி நேரம் மிதித்தாலும் கடைசி நீட்டம் திரும்பி வராது; நீட்டம் குறைவாக இருப்பதைச் சைக்கிள் காட்டிக் கொடுக்கவும் செய்யாது. நடக்கும்போதோ முழுமையாக நீளாத கால் நொண்டும், தொடையின் முன்தசை எழும்பாது, சில்லுக்குப் பின்னால் வலி தொடங்கும். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வைத்து, இரண்டு குதிகால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகைக்குச் சமம்.

மற்றொரு ஏமாற்று வேலையையும் சைக்கிள் செய்யும். இரண்டு பெடலும் ஒரே அச்சில் இணைந்திருப்பதால், நல்ல கால் இழுத்துச் செல்ல, நலிந்த கால் சும்மா சுற்றி வரும். இருபது நிமிடம் மிதித்தேன் என்று நீங்கள் சொல்வதில் இடது காலின் பங்கு எத்தனை நிமிடம்? சில்லின் மேல் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே இரு தொடைகளையும் அளந்து பாருங்கள். பிறகு ஒரு படிக்கட்டில் இடது காலில் நின்று, வலது குதிகாலைக் கீழ்ப்படியில் மெல்லத் தொட்டுவிட்டு எழுந்து பாருங்கள். அந்த நேரத்தில் கண்ணாடியில் இடது முழங்கால் உட்பக்கம் சரிகிறதா என்று கவனியுங்கள். சரிந்தால், தொடையிலும் இடுப்பின் பக்கத் தசையிலும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அந்த வேலை சைக்கிளில் நடக்காது; சுவரில் சாய்ந்து அரை மண்டியிடுவது, படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று தரையில்தான் நடக்கும்.

ஒட்டு பின்தசை நாணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். எடுத்த இடமும் ஒரு புண்தான். கிளிப் பெடலில் காலை மேல்நோக்கி இழுத்து மிதிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த இழுப்பைச் செய்வது இதே பின்தசை. முதல் சில மாதங்களுக்குக் கீழே அழுத்துவது மட்டும் போதும், மேலே இழுப்பது வேண்டாம்.

‘மூன்று மாதம்’ என்பதற்கு என் விளக்கம் இது: மூன்றாம் மாத முடிவில், நீட்டம் முழுமையாக வந்து, வீக்கம் இல்லாமல், ஒற்றைக் காலில் ஆடாமல் அரை நிமிடம் நிற்க முடிந்தால், தட்டைப் பெடலோடு, நெரிசலில்லாத சமதரையில் குறுகிய தூரம். எழுந்து நின்று மிதிப்பது, ஏற்றத்தில் கனமான கியரைப் போட்டு அழுத்துவது, கிளிப் பெடல் ஆகியவை பொதுவாக ஐந்தாம், ஆறாம் மாதப் பேச்சு. பூப்பந்து, கபடி போன்று திடீரெனத் திரும்பும் ஆட்டங்களுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் அனுமதி கேட்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மறுநாள் காலை, சில்லின் நடுவில் நாடாவை வைத்து முழங்காலின் சுற்றளவைக் குறித்து வையுங்கள்; முந்தைய நாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால், நேற்றைய தூரம் அதிகம் என்று முழங்கால் சொல்கிறது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தால் மட்டும் அளந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

எண்ணெய் பற்றி: தையல் நன்றாக ஆறியபின் தோலின் மேல் இளஞ்சூட்டில் தடவிக்கொள்வதில் தீங்கில்லை, அதனால் ஒட்டு கூடப்போவதும் இல்லை. உருவுதல், முறித்து நீட்டுதல், திருகிச் சொடுக்கு எடுத்தல் ஆகியவை கூடவே கூடாது. உறவினரிடம் பிசியோ திட்டினாள் என்றே சொல்லிவிடுங்கள்.


நெல்லித்தோப்பு வீல் பெண்டு எழுதியது:

மேடம் முழங்காலைச் சொல்லிவிட்டார். நான் சைக்கிளைச் சொல்கிறேன். இருபது ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கிறேன்.

முழங்கால் மடங்காதவர்களுக்குத்தான் சீட்டை உயர்த்துவோம். உங்களுக்கு 125 வந்துவிட்டது, அதனால் பழைய உயரமே போதும். பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு சென்டிமீட்டர் ஏற்றிவிட்டால் இடுப்பு இருபக்கமும் ஆடும், பெடல் அடிக்குப் போகும்போது முழங்காலின் பின்புறம் இழுக்கும். ஒட்டு எடுத்த இடமும் அந்தப் பக்கமே. தாழ்வாக வைத்தாலோ சில்லுக்கு முன்னால் வலிக்கும். முன்னால் வலித்தால் கொஞ்சம் ஏற்று, பின்னால் வலித்தால் கொஞ்சம் இறக்கு என்பது பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாமல், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

பெடலைத் தாங்கிச் சுழலும் கம்பியான கிராங்கின் நீளத்தைப் பாருங்கள். உள்முகத்தில் 170 என்றோ 172.5 என்றோ பொறித்திருக்கும். 165க்கு மாறினால், பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. கிராங்க் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறதோ அத்தனை மில்லிமீட்டர் சீட்டை உயர்த்த வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கட்டாயச் செலவு அல்ல, நெடுந்தூரம் போகிறவருக்கு லாபமான செலவு.

உங்களிடம் ஒரு கேள்வி: காலணியின் அடியில் மாட்டிப் பெடலில் பூட்டும் கிளீட் மூன்று போல்ட் வகையா, இரண்டு போல்ட் வகையா? மூன்று போல்ட் ஷிமானோ என்றால் நுனியில் என்ன நிறம்? மஞ்சள் என்றால் குதிகால் 6 பாகை அசையும், நீலம் என்றால் 2 பாகை, சிவப்பு என்றால் அசைவே கிடையாது. பந்தயம் ஓட்டுகிறவர்கள் போடும் சிவப்பை, ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் போகிறவர்கள் போட்டுக்கொண்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெடலிலிருந்து விடுபட குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும் அல்லவா, அந்தத் திருகல் முழங்காலுக்குத்தான் போகிறது. திரும்பிப் போகும் நாள் வரும்போது இரண்டு போல்ட் வகைக்கு மாறி, எந்தப் பக்கம் திருகினாலும் விடுபடும் கிளீட்டைப் போட்டு, பெடலில் இருக்கும் இறுக்கத் திருகைக் கடைசிவரை தளர்த்திவிடுங்கள். அதுவரைக்கும் முள் வைத்த அகலமான தட்டைப் பெடல். வழவழப்பான பிளாஸ்டிக் பெடல் வேண்டாம்; மழையில் பாதம் வழுக்கினால் மறுபடியும் இதே கதைதான்.


மஞ்சக்குப்பத்துக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை சொன்னபடியே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். குப்புறப் படுத்ததில் இடது குதிகால் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று மனைவி அளந்து சொன்னாள். இடது தொடை வலதைவிட இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருக்கிறது. படிக்கட்டில் முழங்கால் உள்ளே சரிகிறது. மூன்றாம் தடவை நடுங்கவே தொடங்கிவிட்டது. வலது பாதத்தைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். எடையே இல்லாத நிலையிலும் நாற்பது விநாடிக்கு மேல் முடியவில்லை. பத்து வாரமாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடம் வலது காலின் உழைப்பு என்பது இப்போது புரிகிறது.

கிளீட்டின் நிறம் சிவப்பு. கடையில் இருந்தது அது ஒன்றுதான், வாங்கிவந்து மாட்டினேன். நிறத்துக்குப் பொருள் உண்டு என்பதே இதுவரை தெரியாது.

பிசியோ அம்மாவுக்கு ஒரு கேள்வி. அந்த மூன்று பாகையை நான் எப்படித் திரும்பப் பெறுவது? பத்து வாரம் தாண்டிவிட்டதே, காலம் கடந்துவிட்டதா?


முருங்கப்பாக்கம் பிசியோ எழுதியது:

காலம் கடந்துவிடவில்லை, ஆனால் இனித் தாமதிக்கவும் இடமில்லை ஐயா. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஒரு முக்காலியின் மேல் வைத்து, முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காமல், தொடையின் முன்தசையை இறுக்கி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். குப்புறப் படுத்துக் காலைத் தொங்கவிடுவதையும் சேர்த்து, பத்து நிமிடம் வீதம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. தூங்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சுகமாக இருக்கும், நீட்டத்தைத் தின்றுவிடும்.

மூன்று வாரத்தில் அசைவு தெரியாவிட்டாலோ, நீட்டும்போது ஏதோ ஒன்று முன்னால் இடிப்பதுபோல் இருந்தாலோ, அறுவை செய்த மருத்துவரிடம் அதையே சொல்லுங்கள். சிலருக்கு ஒட்டின் முன்புறத்தில் தழும்புத் திசு ஒரு முடிச்சுபோல் வளர்ந்து கதவுக்குக் கீழே சிக்கிய கல்லாகத் தடுப்பதுண்டு; அதைப் பயிற்சியால் கரைக்க முடியாது, பார்த்து அகற்ற வேண்டியிருக்கும். வெளியே முப்பது பேர் காத்திருந்தாலும், இந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.

உடற்பயிற்சி சைக்கிளை நிறுத்த வேண்டாம். இருபது நிமிடத்தில் நடுநடுவே இருபது விநாடி மட்டும் இடது காலால் மிதியுங்கள். முடிந்தால் வாரத்துக்கு ஐந்து விநாடி கூட்டுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாத அளவுக்கு கியர் இலேசாக இருக்கட்டும். சுற்று குறைந்து கியர் கனத்தால், ஒவ்வொரு மிதிப்பிலும் சில்லின் மேல் ஏறும் அழுத்தம் கூடும்.


திருப்பாதிரிப்புலியூர் பழைய டைனமோ எழுதியது:

தம்பி, ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சாலையைப் பார்ப்பதே வேலை என்பதால், வெளியே எடுக்கும் நாளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். புதுச்சேரி சாலைக்கு முதல் மாதம் போகவே போகாதீர்கள். 22 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தபின் கால் வலித்தால் திரும்பி வரவும் அதே 22 இருக்கிறது. நேராகப் போய்த் திரும்பும் வழி வேண்டாம், வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும் வழியாக இருக்கட்டும். எந்த இடத்தில் கால் மறுத்தாலும் ஆட்டோவில் ஏறி வந்துவிடலாம்.

நம் பக்கம் சமதரை என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் காற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது புதுச்சேரியை நோக்கி மிதிப்பது மலையேறுவதற்குச் சமம், திரும்பும்போது யாரோ தள்ளிவிடுவதுபோல் இருக்கும். ஆடியில் அப்படியே தலைகீழ். போகும்போது உற்சாகம், வரும்போது எதிர்க்காற்று, அதுவும் களைத்த காலுக்கு. பகல் ஏறினால் கடற்காற்று வேறு. ஆகவே விடிகாலையில், காற்று எழுமுன் முடித்துவிடுங்கள். எதிர்க்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற நினைக்காமல் கியரைக் குறைத்துவிடுங்கள். உண்மையான ஏற்றம் வேண்டும் என்று ஆசை வந்தால் கேப்பர் மலை எங்கும் ஓடிப்போகாது, ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தேவனாம்பட்டினம் சாலையில் மணல் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது.


மஞ்சக்குப்பத்துக்காரன் எழுதியது:

ஐயா, அந்த மணலை நான் மறப்பேனா!

மூன்று வாரம் கழித்து எழுதலாம் என்றிருந்தேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததால் இன்றே எழுதுகிறேன். தாளில் எழுதிக்கொண்டு போன கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். முடிச்சு எதுவும் இருப்பதாக இப்போதைக்குத் தோன்றவில்லை என்றும், நீட்டத்துக்கு ஒரு மாதம் முழு மூச்சாகப் பயிற்சி செய்துவிட்டு வரும்படியும், முழுதாக நீளாமல் சாலையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொன்னார். அவர் சொன்ன மூன்று மாதம், வீட்டுக்குள் மிதிப்பதற்கு உச்ச வரம்பு இல்லை என்ற பொருளில் சொன்னதாம்.

பயிற்சி தொடங்கியபின் குதிகால் வேறுபாடு இரண்டு சென்டிமீட்டருக்கு இறங்கியிருக்கிறது. 300 கிலோமீட்டர் பிரெவே இந்த ஆண்டு இல்லை. சிவப்புக் கிளீட்டைக் கழற்றி, தட்டைப் பெடல் வாங்கி வைத்திருக்கிறேன். மகளின் லேடீஸ் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மிதிக்காமலேயே, ஏறுவதையும் வலது காலை ஊன்றி இறங்குவதையும் காலையில் முப்பது தடவை, மாலையில் முப்பது தடவை செய்து பார்க்கிறேன். நேற்று ஒரு தடவை பேச்சுக் கவனத்தில் இடது கால்தான் இறங்கியது, ஆகவே கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என்ன வேண்டுதல் என்று கேட்டார். மகள் சைக்கிளுக்கு நாள் வாடகை கேட்கிறாள்.